சிறுநீரக அழற்சி: பயாப்ஸி அறிக்கை எங்களுக்குச் சொன்னவை

வடபழனி உறுப்பினர்:

என் தங்கைக்கு, எதிர்ப்புச் சக்தியே சொந்த உடலைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைப் பாதித்தபோது, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவான கிரியாட்டினின் எவ்வளவு என்று மட்டுமே கேட்டார்கள். அந்த எண்ணில் இல்லாத செய்தி, சிறுநீரகத் திசுவைச் சிறிதளவு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் இருந்தது. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஸ்கேனில் பார்த்தபடியே முதுகு வழியாக ஊசியைச் செலுத்தினார்கள். வலியைவிட அந்த ‘டக்’ என்ற சத்தம்தான் பயமுறுத்தியது என்றாள். அதன் பிறகு அவள் மல்லாந்து அசையாமல் படுத்திருக்க, ஒவ்வொரு முறை கழித்த சிறுநீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து, சிவப்பு குறைகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது என் வேலையாக இருந்தது.

அறிக்கையில் லூபஸ் சிறுநீரக அழற்சியின் நான்காம் வகை என்று எழுதி, கீழே இரண்டு மதிப்பெண்களைக் கொடுத்திருந்தார்கள். முதலாவது 24-க்கு: வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளுக்குள் குவிந்த நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள், பிறை வடிவில் திரண்ட செல்கள் போன்ற, மருந்தால் தணியக்கூடிய அழற்சியை அது அளக்கிறது. இரண்டாவது 12-க்கு: அது வடுவின் அளவு, பெரும்பாலும் திரும்பாதது. அவளுக்கு முதல் எண் அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் இருந்ததால்தான், மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபெனோலேட்டையும் உடனே தொடங்கினார்கள். ஸ்டீராய்டால் முகம் உப்பியதைப் பற்றி உறவினர்கள் பேசியதெல்லாம் தனிக் கதை.

பெரம்பூர் உறுப்பினர்:

என் அப்பாவின் சிறுநீரில் நுரையும் இல்லை, காலில் வீக்கமும் இல்லை. சோர்வு மட்டும் இருந்தது, கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போனது. பயாப்ஸியில் வடிகட்டிகள் நன்றாகவே இருந்தன, ஆனால் சிறுநீர் ஓடும் நுண்குழல்களுக்கு இடையே டி லிம்ஃபோசைட்டுகள், ஈயோசினோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்தன. நெடுங்காலமாக அவர் சாப்பிட்டுவந்த, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். காய்ச்சலும் தோலில் தடிப்பும் வந்தால்தான் மருந்து ஒவ்வாமை என்று நினைத்திருந்த எங்களுக்கு, அவை இல்லாமலும் இது வரும் என்பது புதிய செய்தி. மாத்திரையை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்ததும் கிரியாட்டினின் இறங்கியது. பழைய அளவை எட்டவில்லை. மீன் எண்ணெய் மாத்திரை அழற்சியை அணைக்கும் என்கிறார்களே, யாராவது கொடுத்துப் பார்த்தீர்களா?

வடபழனி உறுப்பினர்:

நாங்களும் இதைக் கேட்டோம். அழற்சி தானாகச் சோர்ந்து அடங்குவதில்லை, உடல் அதை வேலை செய்து முடித்துவைக்கிறது என்று டாக்டர் விளக்கினார். வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள் மடிகின்றன. மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவு செல்கள் அவற்றை விழுங்கிவிட்டு, தாக்கும் குணத்தை விட்டுப் பழுது பார்க்கும் குணத்துக்கு மாறுகின்றன. ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உடல் தயாரிக்கும் ரிசால்வின்கள் இந்த மாற்றத்துக்கு உதவுகின்றன என்பது உண்மைதான். ஆனால், பழுது பார்ப்பதற்காக அதே மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் நெடுநாள் நீடித்தால் அதுவே வடுவை வளர்க்கும். அதனால், டாக்டர் எழுதிய மருந்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் மீன் எண்ணெயை வைப்பது ஆபத்து என்பது என் கருத்து.

தங்கைக்கு இப்போது சிறுநீரில் புரதம் ஒழுகுவது பெருமளவு குறைந்துவிட்டது. இருந்தும், சிறுநீர் சுத்தமாகத் தெரியும்போதே உள்ளே செல்கள் அடங்காமல் இருக்கக்கூடும் என்பதால், மருந்தை நிறுத்துவதற்கு முன் இன்னொரு பயாப்ஸி எடுக்கலாம் என்கிறார் டாக்டர். தங்கை இன்னும் சம்மதிக்கவில்லை.