மூன்று அடுக்கு தைக்கும்போது தையல் விட்டுப்போகிறது, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் முழுக்கத் துண்டுத்துணிகளோடுதான் இருந்தேன். பிள்ளைகளின் பழைய சட்டைகளை இரண்டரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, கால் அங்குலம் விட்டுத் தைத்தேன். போர்வையின் மேல்பக்கம் புதன்கிழமையே முடிந்துவிட்டது, அவ்வளவு அழகாக வந்திருக்கிறது!

அப்புறம்தான் சிக்கல். மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் தையல் மெஷினில் சேர்த்துத் தைத்தால் அடியில் நூல் வளையம் வளையமாகச் சுருள்கிறது. நடுநடுவே தையலும் விட்டுப்போகிறது. இரண்டு துணி மட்டும் தைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை.

மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கி வைத்து மேல்நூலைப் புதிதாகக் கோத்தேன் (பாதம் இறங்கியிருந்தால் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் சரியாக உட்காராது). அடிநூல் சுற்றிய பாபின் பக்கம் சேர்ந்திருந்த பஞ்சைத் துடைத்தேன். 11 நம்பர் ஊசியை எடுத்துவிட்டு அதைவிடத் தடிமனான 14 போட்டேன். வளையங்கள் நின்றுவிட்டன, ஆனால் தையல் விடுவது நிற்கவில்லை.

16 நம்பர் ஊசி போடலாமா? மெல்லிய பருத்தியில் ஓட்டை தெரியுமோ என்று பயமாக இருக்கிறது. வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் பாதம்) மாட்டினால் சரியாகுமா? இல்லை, ஊசியும், மேல்நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கும் டைமிங்கே தப்பியிருக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அதுவரை போர்வையை மடித்து வைத்திருக்கிறேன்.