லங்காவி – புக்கெட் பாய்மரப் பயணம்: கிளியரன்ஸ், இபர்ப், லைஃப் ராஃப்ட் பற்றிய சந்தேகங்கள்

பாய்விரிப்பு

வணக்கம். 36 அடி பாய்மரப் படகு. இப்போது மலேசியக் கொடி (அதாவது மலேசியப் பதிவு), இதற்கு முன் ஆஸ்திரேலியக் கொடியில் இருந்தது. ஜனவரியில் லங்காவியிலிருந்து புக்கெட் போகத் திட்டம். 4 பேர் போகிறோம். 2 பேர் புக்கெட்டில் இறங்கி விமானத்தில் திரும்பிவிடுவார்கள்.

வழியில் கோ லிப்பேயில் (தாய்லாந்துத் தீவு) ஓர் இரவு நங்கூரம் போட்டுவிட்டு, மறுநாள் புக்கெட்டில் முத்திரை வாங்கினால் போதுமா? பழைய உரிமையாளரின் இபர்ப் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே சிக்னல் அனுப்பும் கருவி), விஎச்எஃப் (படகு ரேடியோ), ஏஐஎஸ் (படகின் அடையாளத்தையும் இடத்தையும் மற்றவர்களுக்குக் காட்டும் கருவி) எல்லாம் வேலை செய்கின்றன, இபர்ப் பேட்டரிக்கும் இன்னும் தேதி இருக்கிறது; அப்படியே வைத்துக்கொள்ளலாமா? கரையை ஒட்டியே போகிற பயணத்துக்கு லைஃப் ராஃப்ட் (காற்று நிரம்பும் உயிர்காப்புத் தெப்பம்) கட்டாயமா?

நங்கூரம்77

லிப்பேயை விட்டுவிடுங்கள். லங்காவியில் பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை விழுந்ததிலிருந்து தாய்லாந்தில் நுழைவு முத்திரை விழும்வரை நீங்கள் சட்டப்படி எந்த நாட்டிலும் இல்லை. 1982 கடல் சட்ட ஒப்பந்தத்தின் 18ஆம் பிரிவுப்படி, இன்னொரு நாட்டுக் கடலில் போகும் படகு நிற்காமல், காலம் கடத்தாமல் போக வேண்டும். வழக்கமான பயணத்தோடு ஒட்டிய காரணம், தவிர்க்க முடியாத நிலை, ஆபத்து, இவற்றுக்குத்தான் நங்கூரம் போட இடமுண்டு. இன்ஜின் நின்றுவிட்டது, காற்று முற்றிவிட்டது என்றால் லிப்பேயில் ஒதுங்கலாம், அப்போதும் மஞ்சள் கொடி (இன்னும் நுழைவு அனுமதி வாங்கவில்லை என்பதற்கு அடையாளம்) பறக்க வேண்டும், யாரும் படகைவிட்டு இறங்கக் கூடாது. கரையில் இறங்கி மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்தால் அது அனுமதியில்லாத நுழைவு.

120 கடல் மைல் சொச்சம்தான். 5.5 நாட் (மணிக்கு 5.5 கடல் மைல்) வேகத்தில் 22 மணி நேரம். லங்காவியில் காலையில் கிளியரன்ஸ் (படகு வெளியேறும் அனுமதி) முடித்துப் பகல் 12 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை 10 மணிக்குச் சாலோங் (புக்கெட்டில் படகுகள் நுழைவு அனுமதி வாங்கும் இடம்). தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால், அதனால் அங்கே அப்போது 9. இந்த ஒரு மணி நேரத்தை மறந்து விடியற்காலையில் போய்ச் சேர்ந்து, அலுவலகம் திறக்கும்வரை மஞ்சள் கொடியோடு காத்துக் கிடப்பவர்கள் உண்டு.

லங்காவியில் கடல்துறை (ஜபாத்தான் லாவுட்), கஸ்டம்ஸ், இமிக்ரேஷன் என்று மூன்று மேசை. கையில் கிடைக்கும் போர்ட் கிளியரன்ஸில் அடுத்த துறைமுகம் ‘புக்கெட்’ என்றே இருக்கிறதா என்று மேசையை விட்டு நகருமுன் பாருங்கள். சாலோங்கில் முதலில் கேட்பதே அந்தக் காகிதத்தைத்தான். அங்கே எல்லாத் துறையும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். 4 பேருக்கும் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை தேவை (2025 மே 1 முதல் கட்டாயம்). வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்புங்கள், பயண வகையில் ‘கடல்’ என்று போடுங்கள்.

பதிவுச் சான்றிதழின் அசல், காப்பீட்டுச் சான்று, ஆட்கள் பட்டியலில் 10 பிரதி, படகின் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை. கடைசியாகச் சொன்னதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முத்திரை குத்தாத தாளை ஒதுக்கி வைக்கிற மேசை இந்த வட்டாரத்தில் நிறைய. பினாங்கிலோ லங்காவியிலோ 20 நிமிடத்தில் செய்து தருவார்கள்.

விமானத்தில் திரும்பும் 2 பேரை, அவர்கள் ஏர்போர்ட் போகுமுன் சாலோங் இமிக்ரேஷனில் ஆட்கள் பட்டியலிலிருந்து நீக்கியாக வேண்டும். இல்லையென்றால் திரும்பும்போது 4 பேர் வந்த படகில் 2 பேர் நிற்பார்கள், பதில் சொல்ல வேண்டியவர் கேப்டன். லங்காவி வரியில்லாத் தீவு என்று மதுவை ஏற்றிக்கொள்ள வேண்டாம். தாய்லாந்தில் ஆளுக்கு 1 லிட்டர்தான். யார் பையிலாவது வேப் இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும், அங்கே அது தடை.

சானல்16

கருவிகளைப் பற்றி. ‘வேலை செய்கிறது’ என்பதும் ‘உங்கள் படகுடையது’ என்பதும் வேறு வேறு. எம்எம்எஸ்ஐ எண்ணின் (ரேடியோவிலும் ஏஐஎஸ்ஸிலும் படகை அடையாளம் காட்டும் எண்) முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: ஆஸ்திரேலியா 503, மலேசியா 533. கொடி மாறினால் எண்ணும் மாற வேண்டும். விஎச்எஃப் திரையில் 503 என்று ஆரம்பித்தால், நீங்கள் சிவப்பு ஆபத்துப் பொத்தானை அழுத்தும்போது கரை நிலையத்துக்குத் தெரியப்போவது இல்லாத ஓர் ஆஸ்திரேலியப் படகு.

நீங்களே மாற்றிவிடலாம் என்று உட்காராதீர்கள். பெரும்பாலான செட்கள் எம்எம்எஸ்ஐயை ஓரிரு முறைதான் ஏற்கும், அப்புறம் பூட்டிக்கொள்ளும், ஏஐஎஸ்ஸும் அப்படித்தான். டீலரிடம் கொடுத்து அழித்துவிட்டுப் புதிய எண் போடச் சொல்லுங்கள். படகு ரேடியோ உரிமமும் இயக்குபவரின் சான்றிதழும் தனித்தனி, இரண்டும் வேண்டும்.

இபர்ப்பின் உடலில் 15 எழுத்து ஹெக்ஸ் எண் ஒட்டியிருக்கும். அதற்குள்ளேயே நாட்டுக் குறியீடு இருக்கிறது, அதனால் சர்வீஸ் சென்டரில் மறுகுறியீடு செய்துவிட்டு, கிடைக்கும் புது ஹெக்ஸை மலேசியாவில் பதிவுசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் 406 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் போகும், ஆனால் மீட்பு மையம் ஆஸ்திரேலியாவில் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போன் அடிக்கும். அவர் ‘படகை விற்றுவிட்டேனே’ என்பார். அங்கிருந்து உங்களைத் தேட ஆரம்பிப்பதற்குள் நேரம் போய்விடும்.

பேட்டரி தேதியை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். இபர்ப் தானாக விடுபடும் கூட்டில் இருந்தால் அதன் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸுக்கு (படகு மூழ்கும்போது நீரழுத்தத்தால் கூட்டைத் திறந்துவிடும் பாகம்) ஆயுள் 2 வருடம். மாதமும் வருடமும் அதன்மேலேயே குறித்திருக்கும். அது காலாவதியானால் மூழ்கும் படகோடு இபர்ப்பும் கீழே போகும்.

தென்கச்சான்

லிப்பேல எல்லாரும்தானே நிக்கிறாங்க? யாரும் கேக்குறதில்ல.

நங்கூரம்77

@தென்கச்சான் கேட்காதவரை சரி. அங்கே டிங்கி (கரைக்குப் போய்வரும் சிறு படகு) கவிழ்ந்து ஒருவருக்குக் கால் உடைந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். அனுமதியில்லாமல் நின்ற இடத்தில் நடந்த சேதத்தைக் காப்பீட்டு நிறுவனம் தட்டிக்கழிக்கவும் வழி கிடைக்கும்.

கடலாமை

லைஃப் ராஃப்ட்: சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்பு) ஒப்பந்தத்தின் ராஃப்ட் விதிகள் வணிகத்தில் ஈடுபடாத உல்லாசப் படகுகளைக் கட்டுப்படுத்தாது. 5ஆம் அத்தியாயம் மட்டும் கட்டுப்படுத்தும், அதனால் பயணத் திட்டம் வேண்டும், ரேடார் பிரதிபலிப்பானும் மாட்டுங்கள். ராஃப்ட் விஷயத்தில் கொடி நாட்டு விதியோடு உங்கள் பாலிசியையும் திறந்து பாருங்கள். பல பாலிசிகளில் பயண எல்லையும், இரவுப் பயணத்துக்குக் குறைந்தபட்ச ஆட்களும் எழுதியிருக்கும். திரும்பும்போது நீங்கள் 2 பேர்தான், அதை இப்போதே கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், 22 மணி நேரப் பயணத்துக்கு ராஃப்ட் வாடகைக்காவது எடுங்கள். சர்வீஸ் தேதி தாண்டிய ராஃப்ட் வெறும் பெட்டி. லைஃப் ஜாக்கெட் 150 நியூட்டன், ஆளுக்கொன்று. அதை ஊதவைக்கும் வாயு சிலிண்டரைக் கழற்றி எடை போடுங்கள். உடலில் பொறித்த எடைக்குக் குறைந்தால் கசிந்திருக்கிறது.

இந்த வழியில் உண்மையான தலைவலி இரவில்தான். கணவாய் மீன் (ஸ்க்விட்) பிடிக்கும் படகுகளின் பச்சை வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், அதற்குப் பக்கத்திலேயே விளக்கில்லாத சிறு படகு நிற்கும். இரண்டு இழுவைப் படகுகள் சம வேகத்தில் இணையாகப் போனால் நடுவில் நுழையாதீர்கள், இடையில் வலை இருக்கும். ப்ரொப்பெல்லரில் வலை சிக்கினால் உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இன்ஜினை அணையுங்கள். ரிவர்ஸ் போட்டு அவிழ்க்கப் பார்த்தால் இன்னும் இறுகி, ஷாஃப்ட் சீல் கிழிந்து தண்ணீர் உள்ளே வரும்.

விளக்கில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று. பாய் விரித்திருந்தாலும் இன்ஜின் ஓடினால் நீங்கள் இயந்திரப் படகு. மாஸ்ட் உச்சியில் உள்ள மூவண்ண விளக்கை அணைத்துவிட்டு, கீழே உள்ள பக்க விளக்கு, பின் விளக்கு, மாஸ்ட்டின் வெள்ளை விளக்கு ஆகியவற்றைப் போட வேண்டும். பகலில் அதே நிலைக்கு, முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு.

ஜனவரியில் வடகிழக்குக் காற்று உங்களுக்கு நல்லதுதான், ஆனால் பல நாள் மத்தியானத்தோடு செத்துவிடும். முழு தூரமும் இன்ஜினில் போக டீசல் இருக்கட்டும்: மணிக்கு 3 லிட்டர் என்றால் 66, அதோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, 90 லிட்டர். உபரியாக டீசல் ஃபில்டர் 4, தண்ணீர் பம்ப் இம்பெல்லர் 2, பெல்ட் 1. பழைய டேங்கின் அடியில் இருக்கும் சேறு, படகு ஆட ஆரம்பித்த பிறகுதான் கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கும்.

பாய்விரிப்பு

நன்றி. விஎச்எஃப் திரையைப் பார்த்தேன், 503தான். திங்கட்கிழமை செட்டையும் இபர்ப்பையும் கழற்றி டீலரிடம் கொடுக்கிறேன். இபர்ப் கூட்டின் ரிலீஸில் தேதி போன வருடம் மார்ச்சோடு முடிந்திருக்கிறது.