பரண் ஒழிப்பும் ஆட்சி மாற்றமும்: மொத்தமாகத் தூக்கிப் போடலாமா?

விருதைக்காரன்:

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊரில் அப்பா வீட்டுப் பரணை ஒழித்தோம். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதன் பிறகு யாரும் மேலே ஏறவே இல்லை. காயில் போன மிக்சி இரண்டு, பர்னர் கழன்ற ஸ்டவ், அடி ஓட்டையான அண்டா, கட்டுக் கட்டாகத் தீபாவளி மலர்கள், கம்பி நீட்டிக்கொண்டிருந்த குடைகள் ஏழு. காலையில் ஒவ்வொன்றாக எடுத்து "இது ஆகுமா, ஆகாதா" என்று பார்த்தோம். எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் ஒரு காரணம் இருந்தது. மதியம் வரை ஒரு சாக்குகூட நிறையவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, பார்க்காமல் அள்ளிக் கீழே போட்டோம். நாலு மணிக்குப் பரண் காலி. பின்பக்க ஜன்னல் வெளிச்சம் அங்கே விழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அரசியலுக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துகிறோம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் நகராது. எங்கள் ஊரே சாட்சி. 1967 தேர்தலில் காமராஜரையே விருதுநகர் தோற்கடித்தது, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம், 1,285 ஓட்டு வித்தியாசத்தில். காமராஜர் நல்லவர் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அரிசித் தட்டுப்பாடும், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடும் ஜனங்களின் மனதில் இருந்தன. நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்காமல் மொத்தமாக மாற்றினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது, இருமொழிக் கொள்கை வந்தது, 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரும் வந்தது. பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

இருக்கிறது. அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். நன்னூலில் பவணந்தி முனிவர் அதை மொழியைப் பற்றிச் சொன்னார். முழு வரி "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே". காலப்போக்கில் சில சொற்கள் கழிவதும் சில சொற்கள் வருவதும் குற்றமாகாது என்று பொருள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழித்துவிடு என்று அவர் சொல்லவில்லை. "கால வகையினானே" என்ற பாதியை விட்டுவிட்டு எல்லோரும் போகிக் கொளுத்துகிறோம்.

பார்க்காமல் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்தது ஒன்று இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போகிறார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட வேண்டும் என்பது முறை, அப்படியே செய்துவிட்டோம் என்று அங்கே சொல்கிறார்கள். அப்படிச் செய்தவர்களுக்குத் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. சுத்தம் செய்ததாகத்தான் நினைத்தார்கள். அந்தக் கட்டுக்குள் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

1967 பற்றியும் ஒரு வார்த்தை. மொத்தமாக மாற்றினார்கள் என்கிறீர்கள். 1956 இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவை அடுத்து வந்தவர்கள் நிறுத்தினார்களா? எம்.ஜி.ஆர். 1982 இல் அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். பிற்பாடு அதில் முட்டை சேர்ந்தது. 2022 இல் காலை உணவும் வந்தது. அந்தப் பானையை யாரும் காயலான் கடைக்குப் போடவில்லை. அதே காமராஜர், ராஜாஜி 1953 இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை 1954 இல் பதவிக்கு வந்ததும் கைவிட்டார். குலக்கல்வி என்று ஜனங்கள் எதிர்த்த திட்டம் அது. அதற்காக ஆளும் கட்சி மாற வேண்டி வரவில்லை. எதைப் போடுவது, எதை வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விருதைக்காரன்:

நன்னூல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், முழு வரி எனக்குத் தெரியாது. ஆனால் ஏடு வேறு, ஆட்சி வேறு ஐயா. ஏடு தானாக யாரையும் துன்புறுத்தாது. கெட்ட சட்டமும் கெட்ட பதவியும் இருக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார். நிதானமாகப் பார்ப்போம் என்று சொல்கிறவர் பெரும்பாலும் அந்த அடி விழாத இடத்தில் இருப்பவர்தான்.

செங்கழனி:

விருதைக்காரன் அண்ணா கடைசியாகச் சொன்னது எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் ஆத்தாவுக்கு ஒன்றே கால் ஏக்கர் நிலம். அதன் கணக்கெல்லாம் ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணம் வீட்டு மரப்பெட்டியில் இருந்தது. சர்க்கார் கணக்குதான், ஆனால் அவர் வீட்டில், அவர் பூட்டில். நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் ஒரு அடங்கல் நகல் வேண்டும் என்றால் ஆத்தா விடிகாலையில் போய் அவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்பார். கீழே என்பதைக் கவனியுங்கள், திண்ணையில் உட்கார முடியாது. போகும்போது புடலங்காயோ ஒரு படி பயறோ கொண்டுபோக வேண்டும். "நாளைக்கு வா" என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் பெட்டி திறக்கும். அவருக்கு முன்னால் அவர் அப்பா கர்ணம், அவருக்கு முன்னால் தாத்தா.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு கர்ணம், ஊர்த் தலைவரான மணியம் ஆகிய பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. மாநிலம் முழுக்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள். யார் நல்ல கர்ணம், யார் கெட்ட கர்ணம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982 இல் ஒழித்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அப்புறம் தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள். முதல் முறை ஆத்தா அலுவலகத்துக்குப் போனபோது, "உட்காருங்கம்மா" என்று ஒரு பையன் மர பெஞ்சைக் காட்டினானாம். சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் லஞ்சம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் லஞ்சம் கேட்டால் புகார் கொடுக்க இன்று இடம் இருக்கிறது, அவருக்கு இடமாறுதல் இருக்கிறது. பிறப்பால் வந்த பதவியை யாரிடம் போய்ப் புகார் செய்வது?

வைகைக்கரை:

செங்கழனி, உங்கள் ஆத்தாவை வைத்துப் பேசிய பிறகு எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்றைக் கேட்கிறேன். பதவியை ஒழித்தார்கள், சரி. அந்த மரப்பெட்டியையும் கொளுத்தினார்களா? இல்லையே. கணக்கைக் கையகப்படுத்தி அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். அடங்கலும் சிட்டாவும் இன்றைக்கும் அதே பெயரில் இருக்கின்றன. உங்கள் ஆத்தாவின் ஒன்றே கால் ஏக்கர் அவர் பேரில் நின்றதே அதனால்தான். இதைத்தான் பார்த்துப் போடுவது என்று நான் சொல்கிறேன்.

விருதைக்காரன்:

அதைப் பார்த்துப் போடுவது என்றால் நமக்குள் சண்டையே இல்லை. நீங்கள் முதலில் சொன்னது காலப்போக்கில் தானாகக் கழியும் என்று. தானாகக் கழிந்திருந்தால் அந்த ஆத்தா இன்னும் திண்ணைக்குக் கீழேதான்.

உசிலைமரம்:

இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வெளியே போட்ட சாமான் பின்வாசல் வழியாகத் திரும்பி வருவது.

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் கைரேகைச் சட்டம் என்றால் வயதானவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்துவார்கள். வெள்ளைக்காரன் 1871 இல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம். 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் சமூகத்தில் பிறந்தாலே ரேகை வைக்க வேண்டும், இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் செத்துப்போனாள். 1947 இல் சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டது, 1952 இல் நாடு முழுக்க ஒழிந்தது. அதுவரை சந்தோஷம். ஆனால் 1948 இலேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று இன்னொன்று இங்கே வந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் போனது, பெயர் எழுதி வைக்கிற நோட்டு இருந்தது.

எங்கள் வீட்டில் தாத்தாவின் ராதாரிச் சீட்டு ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகக்கூட அந்தச் சீட்டு வேண்டும். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், நடுவில் மடிப்பு விட்டுப் போய் இரண்டு துண்டாகிவிட்டது. ஓரத்தில் ஊதா மையில் கட்டை விரல் ரேகை. ரேகையின் சுழி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு போகிக்கு அப்பா அதைத் தீயில் போடப் போனார், அசிங்கம் என்று. அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு இப்படியெல்லாம் நடக்கவே இல்லைன்னு எவனாவது சொல்லுவான்டா" என்றார். சட்டத்தை எரிக்க வேண்டும், சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

விருதைக்காரன்:

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

பின்வாசல் பற்றி நீங்கள் சொன்னது இன்றைக்கும் நடக்கிறது. 1860 இன் தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவு இருந்தது. 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. ராஜத்துரோகம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் 152 ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து என்று அகலமாக எழுதியிருக்கிறார்கள், ஆயுள் தண்டனை வரை போகலாம். என் பார்வையில் இது பழைய அண்டாவுக்கு ஈயம் பூசியது. மொத்தமாக மாற்றினால் போதும் என்று நான் எழுதியதை இந்த இடத்தில் திருத்திக்கொள்கிறேன். மொத்தமாக மாற்றுகிறோம் என்ற பெயரிலும் பழையதை உள்ளே வைக்கலாம்.

கூவம்பக்கம்:

போகி மறுநாள் தெருமுனையில் கிடக்கும் மூட்டைகளை அள்ளுகிறவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். முப்பது வருடம். ஆகவே, போட்ட பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி.

1973 இல் கலைஞர் ஆட்சியில் கை ரிக்‌ஷாவை ஒழித்தபோது, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கையில் கொடுத்தார்கள், அதனால் அது ஒழிந்தது. மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதை 1993 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இருபது வருடம் கழித்து 2013 இல் இன்னொரு சட்டம் போட வேண்டி வந்தது. இன்னும் சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கி ஆட்கள் சாகிறார்கள். குழிக்குள் இறங்க இயந்திரமும் இறங்கியவனுக்கு வேறு வேலையும் கொடுக்காமல் எந்தச் சட்டம் போட்டாலும் அப்பா மாதிரி ஒருவர்தான் அதை அள்ள வேண்டியிருக்கும்.

வைகைக்கரை:

கூவம்பக்கம் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் நிதானம் நிதானம் என்று பேசியது அந்தக் குழிக்குப் பொருந்தாது. அது நேற்றே நின்றிருக்க வேண்டியது. மற்றதில் என் கருத்து அப்படியே இருக்கிறது.

விருதைக்காரன்:

என் கருத்திலும் பாதி அப்படியே இருக்கிறது, அதைப் பிறகு பேசுவோம். இப்போது அவசரமாக ஒரு உதவி வேண்டும்.

பார்க்காமல் அள்ளிப் போட்டோம் என்று எழுதினேன் அல்லவா, அதில் பதினோரு சாக்கு இன்னும் கொல்லையில் இருக்கிறது. பழைய பேப்பர்காரர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று இரவு அப்பாவிடம் போனில் கேட்டேன். தீபாவளி மலர்களுக்கு நடுவே அம்மா மளிகைக் கணக்கு எழுதிய நோட்டுகள் இருந்ததாம், 1967 அரிசிப் பஞ்சத்தில் பாட்டி கடன் வாங்கிய சீட்டும் அதற்குள் வைத்திருந்தாராம். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலையேப்பா" என்றார். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் கிளம்புகிறேன். உசிலைமரம் அக்கா, அந்தச் சீட்டை எப்படிப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்?

உசிலைமரம்:

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள் தம்பி, பிறகு பிரிக்கவே முடியாது. முதலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம், மை வெளுத்துவிடும். நிழலில் காற்றாட வைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, கூட ஒரு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். பூச்சி வராது. சாக்கை உதறிக் கொட்டாதீர்கள், உட்கார்ந்து கையால் எடுங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.