மறு: பீக், போக் இரண்டுக்கும் தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பழைய வீட்டுக் கணினிகளின் பேசிக் என்ற நிரல்மொழியில் நினைவகத்தை நேரடியாகத் தொடும் இரண்டு சொற்கள் பீக் (PEEK), போக் (POKE). தான் மொழிபெயர்க்கும் கட்டுரைக்காக அக்கா இவற்றுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். அதற்கு வந்த ஒரு பதில்:

> போக் என்றால் நினைவகத்தில் எழுதுவது. பீக் என்றால் நினைவகத்தைப் படிப்பது. 'எழுது', 'படி' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம். இதற்கு எதற்கு இத்தனை மடல்?

ஐயா, பொருளளவில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் 'படி' ஏற்கெனவே போய்விட்டது. பேசிக் மொழியில் 'ரீட்' என்று ஒரு கட்டளை உண்டு; அதைப் 'படி' என்றுதான் நம் பட்டியலில் வைத்திருக்கிறோம். அது நினைவகத்தை எட்டிப் பார்ப்பதில்லை, நிரலுக்குள்ளேயே 'டேட்டா' வரிகளில் எழுதி வைத்த எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அச்சான நிரல்கள் பலவற்றில் இந்த ஒரே சுழற்சிதான்: டேட்டா வரியிலிருந்து ஓர் எண்ணைப் படி, அதை இன்ன முகவரியில் (நினைவக அறையின் எண்) போக் செய், அடுத்த முகவரிக்குப் போ. வாசகர்கள் அந்த எண்களை மணிக்கணக்கில் தட்டுவார்கள். நூற்றுக்கணக்கான எண்களில் ஒன்று பிசகினாலும் இயந்திரம் உறைந்துவிடலாம். மின்சாரத்தைப் பிடுங்கிச் சொருகினால் தட்டியது எல்லாம் போச்சு. அதனால் ஓட்டிப் பார்க்கும் முன் கேசட்டில் பதிந்துகொள் என்பது முதல் பாடம். இந்த வரியை 'படி, எழுது' என்று மொழிபெயர்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதுபோலத் தோன்றும்.

அக்கா மொழிபெயர்க்கும் கட்டுரை 1982, 83-இல் பிரிட்டனில் வீட்டுத் தொலைக்காட்சியோடு கணினியை இணைத்து விளையாடியவர்களைப் பற்றியது. ஆகவே சொல்லைத் தேடும் முன், அவர்கள் இதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

1982 ஏப்ரலில் சின்கிளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. 16கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48கே 175 பவுண்டு. 48கே பொறியில் 65,536 நினைவக அறைகள். முதல் 16,384 படிக்க மட்டுமே முடிகிற, அழிக்க முடியாத ரோம், மிச்சம் 49,152 நம் கையில். ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 255 வரை ஓர் எண், அதாவது ஒரு பைட். 'A என்ற மாறிக்கு 5' என்று சாதாரணமாகச் சொன்னால் அந்த 5 எந்த அறைக்குப் போகும் என்பதைப் பேசிக்தான் முடிவு செய்யும், நமக்குச் சொல்லாது. போக் அப்படி இல்லை. அறை எண்ணையும் நாமே சொல்கிறோம். பேசிக் தன் சொந்தக் கணக்குவழக்கு வைத்திருக்கும் அறையாக இருந்தாலும் அது தடுக்காது, 'சரி' என்று போட்டுவிடும். ரோம் அறையில் போட்டால் பிழைச்செய்தி கிடையாது, ஒன்றும் நடக்காது. அவ்வளவுதான்.

நேற்று இரவு எமுலேட்டரில் (பழைய ஸ்பெக்ட்ரமைப்போல நடிக்கும் மென்பொருள்) 'போக் 23609, 100' அடித்துப் பார்த்தேன். விசையை அழுத்தும்போது வரும் 'டிக்' சத்தம் 'பீப்' என்று நீண்டுவிட்டது. அந்த அறையில்தான் விசைச் சத்தத்தின் நீளத்தைக் கணினி குறித்து வைத்திருக்கிறது. அதில் நாம் கைவைத்தோம். இந்தச் சின்னத் திருட்டுச் சந்தோஷம் 'எழுது' என்ற சொல்லில் இல்லை.

கொமடோர் 64 வைத்திருந்தவர்களுக்கு இது திருட்டு வழி இல்லை, ராஜபாட்டை. அந்தக் கணினியின் பேசிக்கில் நிறத்துக்கோ இசைக்கோ தனிக் கட்டளையே கிடையாது. திரையின் ஓரம் கறுப்பாக வேண்டுமா? 53280-இல் 0. நடுப்பகுதி கறுப்பாக வேண்டுமா? 53281-இல் 0. ஒலி அளவைக் கூட்ட 54296. ஒரு சுருதி எழுப்பக்கூட வரிசையாக போக் போக் என்று போய்க்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவு அருமையான ஒலிச் சில்லை உள்ளே வைத்துவிட்டு அதற்கு ஒரு கட்டளைகூடக் கொடுக்காமல் விட்டதை என்னவென்று சொல்வது!

சரி, வந்த பரிந்துரைகள்.

'இடு': உள்ளிடு, வெளியிடு, அச்சிடு என்று ஏற்கெனவே பெரிய குடும்பம். இன்னொரு பிள்ளை வந்தால் யார் யாரென்று தெரியாது.

'செருகு': செருகினால் பழையது கொஞ்சம் நகர்ந்து இடம் விடும், அழியாது. போக் செய்தால் அறையில் முன்பிருந்த எண் போயே போய்விடும்.

'திணி': தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு போராட்டமே இருக்கிறது. ஒற்றை பைட்டுக்கு அத்தனை கனம் வேண்டாம்.

'நோண்டு': எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இது ஒரு கட்டளையின் பெயரல்ல, அந்தப் பண்பாடு முழுவதற்குமான பெயர். சாலிடர் இரும்போடு உட்கார்ந்தவரும் நோண்டினார், நிரலைப் பிரித்துப் பார்த்தவரும் நோண்டினார். அதைப் பெரிய வேலைக்கு எடுத்து வைப்போம்.

என் பரிந்துரை 'குத்து'. சிரிக்காதீர்கள். முத்திரை குத்துகிறோம், பச்சை குத்துகிறோம், காது குத்துகிறோம். மூன்றிலும் இடம் துல்லியம், விழுந்தால் விழுந்ததுதான். 'தாளில் முத்திரையைக் குத்து' என்பதுபோல '23609-இல் 100-ஐக் குத்து' என்று வாக்கியமும் தானாக அமைகிறது. அதோடு 'குத்து' வினையாகவும் வரும், 'ஒரு குத்து விட்டான்' என்று பெயராகவும் வரும். இது ஏன் முக்கியம் என்றால், போக் சீக்கிரமே பெயர்ச்சொல்லாகிவிட்டது. பத்திரிகைகள் ஆட்டங்களுக்கு 'போக்குகள்' அச்சிட்டன, அதாவது ஆட்டத்தை மாற்ற எந்த அறையில் எந்த எண் என்ற குறிப்புகள். 1984-இல் ஸ்பெக்ட்ரமுக்கு வந்த ஜெட் செட் வில்லி ஆட்டத்துக்கு 35899-இல் 0. அந்த அறையில் இருப்பது ஓர் உயிரைக் கழிக்கும் கட்டளை. ஸ்பெக்ட்ரமின் இசட்80 செயலிக்கு 0 என்றால் 'ஒன்றும் செய்யாதே'. கழிப்பது நின்றது, ஆட்டத்தின் நாயகன் வில்லி சாகாவரம் பெற்றான்.

அதே ஆட்டத்தில் வில்லியின் வீட்டுப் பரணுக்குள் நுழைந்துவிட்டு வந்தால் வீட்டின் வேறு சில அறைகள் கெட்டுப்போய், உள்ளே கால் வைத்ததும் செத்துவிடுவோம். அது பிழையல்ல, அங்கே விஷவாயு இருக்கிறது என்று வெளியீட்டாளர்கள் முதலில் சமாளித்தார்கள். பிறகு அவர்களே அதைத் திருத்தும் போக்குகளை வெளியிட வேண்டியதாயிற்று. 'இந்த ஆட்டத்துக்குக் குத்து இருக்கா?' என்று ஒரு பையன் கேட்பதாக எழுதினால் காதுக்கு உறுத்தவில்லை. 'நினைவக எழுதுகை இருக்கா?' என்று எந்தப் பையன் கேட்பான்?

பீக் கொஞ்சம் சிக்கல். 'எட்டிப்பார்' அழகான சொல், ஆனால் ஏவல். பீக் ஏவல் அல்ல, அது ஒரு சார்பு: அறையில் உள்ள எண்ணைக் கொண்டுவந்து தரும். தனியாக நிற்காது. 'அச்சிடு எட்டிப்பார் 23609' என்றால் இரண்டு அதிகாரிகள் ஒரே ஆளை விரட்டுவதுபோல இருக்கிறது. இங்கே பெயர்ச்சொல் வேண்டும்.

'நோட்டம்' எப்படி? 'அச்சிடு நோட்டம் 23609.' திருடன் வீட்டை நோட்டம் விடுகிறான் என்போமே, அந்தக் கள்ளப்பார்வை இதில் இருக்கிறது. பழைய பொருளோ இன்னும் பொருத்தம்: நாணயத்தைப் பார்த்து மதிப்புச் சொல்வதுதான் நோட்டம், அதைச் செய்பவர் நோட்டக்காரர். பார்ப்பார், மதிப்பைச் சொல்வார், காசை எடுத்துக்கொள்ளமாட்டார். பீக் செய்வதும் அதேதான். இன்றைய மாணவர்கள் அடுக்கின் (ஸ்டாக்) மேலுள்ளதை எடுக்காமல் பார்ப்பதற்கும் 'பீக்' என்கிறார்களே, அதற்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. சொல் நீளமாக இருந்தால் தட்டச்சக் கஷ்டம் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். ஸ்பெக்ட்ரமில் எழுத்தெழுத்தாகத் தட்டவே வேண்டாம். 'ஓ' விசையை ஒருமுறை அழுத்தினால் போக் முழுச்சொல்லாக விழும். அதே விசையின் மேலே பீக். நினைவகத்தில் போக் என்பது 244 என்ற ஒற்றை எண்தான். அந்த எண்ணுக்குத் திரையில் என்ன சொல் காட்டவேண்டும் என்ற பட்டியலில் 'குத்து' என்று இருந்தால் இயந்திரத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பட்டியல் ரோமில் இருப்பதால் அதைக் குத்தி மாற்றத்தான் வழியில்லை.

———

தம்பி, விளக்கம் நன்றாக இருக்கிறது. நோட்டம் எனக்குச் சம்மதம், நாணயக் கதைக்காகவே வைத்துக்கொள்கிறேன். ஆனால் 'குத்து' என்று படித்ததும் பிள்ளைகளுக்குக் குத்துப்பாட்டுதான் ஞாபகம் வரும். 'போடு' என்றால் என்ன? பார், போடு, பீக், போக். மோனைகூடத் தப்பவில்லை. நீங்களே உங்கள் மடலில் 'ரோம் அறையில் போட்டால்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா?

அப்புறம் பிபிசி மைக்ரோ கணினியில் இந்தச் சொற்களே இல்லையே, அதற்கு என்ன செய்ய?

———

அக்கா, மாட்டிக்கொண்டேன். ஆமாம், எழுதியிருக்கிறேன். ஆனால் 'போடு'வின் சங்கடமும் அதுதான். வகுப்பில் 'A-யில் 5 போடு' என்போம், அது மாறிக்குச் சாதாரணமாக மதிப்புத் தருதல். 'திரையில் போடு' என்போம், அது அச்சிடுதல். மூன்றுக்கும் ஒரே சொல் என்றால், அறை எண்ணை நாமே சொல்கிறோம் என்ற வித்தியாசம் கரைந்துபோகும். மோனையை இழப்பதில் எனக்கும் வருத்தம்தான். விளக்கும்போது 'போடு' என்றே பேசுவோம், கட்டளைக்கு மட்டும் குத்து.

பிபிசி மைக்ரோவில் சோஃபி வில்சன் எழுதிய பேசிக், இரண்டு சொல்லுக்கும் பதில் ஒரே கேள்விக்குறியை வைத்துக்கொண்டது. சமன்குறிக்கு இடப்புறம் வந்தால் குத்து, வலப்புறம் வந்தால் நோட்டம். 1984-இல் கிளாஸ் (CLASS) என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தவை அந்தக் கணினிகள்தான். அதில் கற்றவர்களுக்குப் போக் என்ற சொல் பாடத்தில் வந்திருக்காது. நம் குழுமத்திலேயே மூத்தவர்கள் சிலர் 'இது எதற்கு?' என்று கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

பட்டியலுக்கான வரைவு:

குத்து (வினை, பெயர்): குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஓர் எண்ணை நேரடியாகப் பதித்தல்; அப்படிப் பதிக்கவேண்டிய முகவரியும் எண்ணும். 'முடிவிலா உயிர்களுக்கு ஒரு குத்து.'

நோட்டம் (பெயர்): குறிப்பிட்ட முகவரியில் உள்ள எண்ணை மாற்றாமல் அறிந்து தரும் சார்பு. 'குத்தும் முன் ஒரு நோட்டம் பார்.'

கட்டுரையில் 'கில்லர் போக்' என்று ஓரிடம் வருமே, அதையும் யோசித்தேன். கொமடோர் பெட் கணினியில் 59458-இல் 62. ஆரம்பகாலப் பெட் கணினிகளில் திரையில் எழுத்து வேகமாக விழவேண்டும் என்பதற்காகச் செய்தது. திரையின் மின்சுற்று மாறிய பிந்தைய பெட் கணினிகளிலும் அதே எண்ணைக் குத்தினால் திரை பழுதாகக்கூடும். மென்பொருளால் வன்பொருளைக் கெடுத்த அபூர்வமான கதை. 'கொலைக்குத்து' என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன், சினிமாத் தலைப்புபோல இருந்தது. சரியான இடத்தில் சின்னதாக ஒரு தட்டு, ஆள் விழுந்துவிடுவான். நம்மிடம் அதற்குப் பெயர் இருக்கிறதே. வர்மக்குத்து.