மலைவாழையில் முடிக்கொத்து: அவரவர் பட்ட அனுபவம்

தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டத்துக்குள்ளே விருப்பாச்சி வாழை வைத்திருக்கிறேன். மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு மரத்தில் இலை ஒடுங்கி, விறைப்பாக மேலே நின்றது. உரம் பத்தவில்லை என்று நினைத்து சாம்பல் போட்டேன். ஒரே மாதத்தில் புது இலை எல்லாம் தலையில் கொத்தாக அடைத்துக்கொண்டது. அப்புறம்தான் மட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கரும்பச்சையில் புள்ளி, கோடு, புள்ளி, கோடு. முடிக்கொத்து என்கிற வைரஸ் நோய்!

பதறிப்போய் அன்றைக்கே வெட்டிச் சாய்த்தேன். அதுதான் தப்பு. இந்த நோயைப் பரப்புகிற வாழை அசுவினி என்கிற சிறு பூச்சி மட்டை இடுக்கிலும் மண்ணை ஒட்டின அடித்தண்டிலும் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். எறும்பு ஏறி இறங்கினால் அங்கே தேடுங்கள். சாய்த்த மரம் வாடவும் அத்தனையும் வைரஸோடு பக்கத்து மரங்களுக்குப் போய்விட்டன. அந்த வரிசையில் பதினோரு மரம் போச்சு. இப்போதெல்லாம் முதலில் குருத்திலும் அடியிலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சியைக் கொல்கிறேன். பிறகுதான் கிழங்கோடு தோண்டி நறுக்கிக் காயவைப்பது. கிழங்கில் ஒரு கண் தங்கினாலும் முளைக்கிற கன்று நோயோடுதான் வரும்.

*

அண்ணா, வெட்டின அரிவாளால் பரவுமா? மரத்துக்கு மரம் கழுவிக்கொண்டு இருக்கிறோம்.

*

தம்பி, இந்த நோய் அரிவாளில் ஒட்டிப் போகாது. அசுவினியும் கன்றும்தான் வழி. (தக்காளியில் வரும் புகையிலைத் தேமல் வேறு, அது கை பட்டாலே தொற்றும்.) 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் வந்ததாகச் சொல்கிற நோய் இது.

எனக்கும் கன்றில்தான் வந்தது. பார்க்கப் பளிச்சென்று பச்சையாக ஈட்டிக் கன்று. தொற்றின பிறகும் சில இலை விரிகிறவரை ஒன்றும் தெரியாது. நம்பி நட்டேன், ஒரு தார்கூட வெட்டவில்லை. அடுத்த நடவுக்கு வைரஸ் பரிசோதனை முடிந்த திசு வளர்ப்புக் கன்று வாங்கினேன். அதுவும் நோயில்லாத கன்று, அவ்வளவுதான்; நோயே வராத கன்று இல்லை. அசுவினி வந்தால் அதற்கும் பிடிக்கும். பிடித்த மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

*

உண்மைதான் அண்ணே. என் தோட்டத்தைச் சுத்தமாக வைத்தும் போன மாதம் இரண்டு மரத்தில் மறுபடி கோடு தெரிந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் கவனிக்க ஆளில்லாத தோட்டம், நோய்ப்பட்ட மரங்கள் அப்படியே நிற்கின்றன. வெளியூரில் இருக்கிற உரிமையாளரிடம் போனில் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகப் போய் எடுக்கிறோம்.