பிளாஸ்டிக் மொடல் விமானம் ஒட்ட எந்தக் கம் நல்லது?

அண்ணாமார், அக்காமார், மொடல் கிட் கட்டி அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

அக்காவின் மகனோட சேர்ந்து 1/72 அளவு ஹரிக்கேன் (இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் போர் விமானம்) ஒன்று கட்டத் தொடங்கியிருக்கிறன். 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின அன்று சீனக்குடாவில இருந்து எழும்பிப் போனது இந்த வகைதான். அதால இதை வடிவாச் செய்து முடிக்கவேணும் எண்டு எனக்குச் சரியான ஆசை.

பாகங்கள் எல்லாம் பொலிஸ்டைரீன் எண்ட பிளாஸ்டிக். தமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரித் தண்ணிக் கம் தான் இதுக்குச் சரி எண்டு தெரியும். ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிச்சு, விளிம்பில தூரிகை நுனியைத் தொட்டா, அது தானா இடுக்குக்குள்ள ஓடி, பிளாஸ்டிக்கை இளக்கி ஒண்டாக்கிவிடும். ஆனா மத்திய வீதிப் பக்கம் கேட்ட கடைகளில சுப்பர் குளூவும் பிவிசி பைப் கம்மும் தான் இருக்கு. பைப் கம் தடிப்பு, இறக்கையில இருக்கிற நுண்ணிய கோடுகளை மூடிப்போடும் எண்டு பயம். சுப்பர் குளூவின் ஆவி விமானியின் கண்ணாடி மூடியில வெள்ளையாப் படியும். அதுக்கு மட்டும் மர வேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசையை எடுக்கலாம் எண்டு நினைக்கிறன்.

இங்க ஆராவது தண்ணிக் கம்முக்குப் பதிலா சுத்தமான அசிட்டோனைத் தனியப் பாவிச்சுப் பார்த்தனீங்களோ? இந்த வெக்கையில ஒட்ட முதலே காஞ்சுபோகுமோ? தண்ணிக் கம் திருகோணமலையில எங்கயும் கிடைக்குமோ? கொழும்பில எண்டாலும் பரவாயில்லை, பஸ்ஸில வாற ஆக்களிட்டச் சொல்லி எடுப்பிக்கலாம்.