பாக்கின் சி மைனர் பிரிலூட்: கோபமா, பதற்றமா?

வணக்கம் நண்பர்களே, பியானோ வாசிக்கிறவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722இல் தொகுத்த வெல்-டெம்பர்ட் கிளேவியர் என்ற கீபோர்டு இசைத் தொகுப்பின் முதல் புத்தகத்தில் இரண்டாவது பிரிலூட் (முன்னிசையாக வரும் சிறு படைப்பு), சி மைனர் என்ற சுரவரிசையில் உள்ளது, அதைத்தான் இரண்டு மாதமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். விரல்கள் ஓரளவு பழகிவிட்டன, ஆனால் அதன் மனநிலைதான் பிடிபடவில்லை.

முதல் 24 பார்களிலும் (தாளக் கட்டங்களிலும்) இரண்டு கையும் ஒரே ஓட்டத்தில் ஓடுகின்றன, ஒவ்வொரு பாரிலும் அரை பாருக்கு வருவதே அப்படியே மறுபடி வருகிறது. வேகமாகவும் அழுத்தமாகவும் அடித்தால் கோபமாகக் கேட்கிறது. வேகத்தைக் குறைத்து மெதுவாகத் தொட்டால் ஏதோ கெட்ட செய்தி வரப்போவது போல வயிற்றைப் பிசைகிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் வேகக் குறிப்பே இல்லை, அப்புறம் 28ஆவது பாரில் திடீரென்று பிரெஸ்டோ (மிக வேகம்), 34இல் அடாஜியோ (மெதுவாக), அடுத்த பாரிலேயே அலெக்ரோ (வேகமாக)! பிரெஸ்டோவுக்கு இடம் வேண்டுமென்றால் ஆரம்பத்தை எவ்வளவு நிதானமாக எடுப்பீர்கள்? அந்த ஒற்றை அடாஜியோ பாரைத் தாளத்தை விட்டு, பேசுவது போல வாசிக்கலாமா? கடைசியில் மைனரை விட்டு, பிரகாசமாக ஒலிக்கும் மேஜருக்கு மாறுகிறதே, அதை ஆறுதலாகவா எடுத்துக்கொள்கிறீர்கள்? பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியமான ஹார்ப்சிகார்டில் வாசித்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.